இளைப்பு வாங்கிக்கொண்ட சுவர்

அம்பாசமுத்திரத்தில் குற்றாலலிங்கம் வாடகைக்கு விட்டிருந்த கீழ்வீட்டுச் சுவருக்கு 1994ஆம் வருஷம் ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம் இளைப்பு வந்தது. அதே சாயங்காலம் அந்த வீட்டுப் பிள்ளை இசக்கியம்மாவுக்கு இளைப்பு நின்றது.

பிள்ளையின் அம்மா முத்துராணி பீடி சுற்றுகிறவள். புருஷன் மலைமேல் எஸ்டேட்டில் வேலை, எப்போதாவது இறங்கி வருவான். குடி வந்த முதல் மழைக்கே கட்டிலோரத்துச் சுவரில் கறுப்பாகப் பூசணம் பூத்தது. அடுத்த மழைக்குப் பிள்ளையின் மூச்சு விசிலடித்தது. மாடியில் இருந்த குற்றாலலிங்கம், பத்திர ஆபீஸில் ரிட்டயர் ஆனவர், வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, "ஈர இலையைச் சாக்குல சுத்தி வீட்டுக்குள்ள வச்சிருக்கியே, சுவரு பூக்காம என்னம்மா செய்யும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருடைய குளியலறைத் தண்ணீர் அந்தச் சுவருக்குள்தான் இறங்குகிறது என்று தெருவுக்கே தெரியும், கேட்கத்தான் ஆளில்லை. ஆனால் முத்துராணிக்குச் சந்தேகம் வந்தது. இலையை நனைக்காமல் பீடிக்கு வெட்ட முடியாது. நம்ம பிழைப்பே பிள்ளையின் மூச்சைப் பிடிக்குதோ என்று பயந்து, சாக்கையும் புகையிலைத் தூளையும் எதிர்வீட்டு ஆறுமுகத்தாயின் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய்ச் சுற்றினாள். பூசணம் அதற்கப்புறமும் கழுத்து உயரத்துக்கு ஏறியது. மறுபடி போய்ச் சொன்னதற்கு, இஷ்டமில்லையென்றால் காலி பண்ணச் சொன்னார் மனுஷன். சீக்குப் பிள்ளையோடு வந்து நிற்கிறவளுக்கு வேறு யார் வீடு தருவார்கள்?

அந்த ஐப்பசி நாளில் மழை விடவே இல்லை. பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. முத்துராணி ஆத்திரம் தாங்காமல் சுவரில் ஓங்கி ஒரு அறை விட்டு, "நாசமாப் போற சுவரே, குடுத்த சீக்க நீயே வச்சுக்கிடு!" என்று கத்தினாள். சுவர் வாங்கிக்கொண்டது. புடைத்துத் தணிந்தது, மாட்டியிருந்த காலண்டர் ஏறி இறங்கியது, பூசணத்துக்குள்ளிருந்து கீச்சுகீச்சென்று இரைச்சல் வந்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? "உம்ம சுவரு இந்த இளைப்பு இளைக்குதே, வைத்தியம் பாக்கலியா வே?" என்று கடைத்தெருவில் கேட்க ஆரம்பித்தார்கள். குற்றாலலிங்கம் மானம் தாங்காமல் குளியலறைக் குழாயை மாற்றினார். பூசணம் அசையவில்லை. கடைசியில் கொத்தனார் மந்திரமூர்த்தியைக் கூட்டிவந்து, இடித்துப் புதுசாகக் கட்டச் சொன்னார். முத்துராணி இத்தனை நாளாகக் கெஞ்சியது அதற்குத்தான். முதல் அடியில் காரை பெயர்ந்தது. முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முத்துராணி பாய்ந்துபோய்ச் சம்மட்டியைப் பிடித்தாள். "தொடாதிய அண்ணாச்சி!"

"அதுக்காக இத இப்படியே வச்சுக்கிட்டு நான் என்னம்மா செய்ய?" என்றார் குற்றாலலிங்கம்.

"சுவரு உங்களுது. அதுக்கு மூச்சு முட்டுனா நீங்கதான் பாக்கணும். எம்புள்ளகிட்ட திருப்பி அனுப்பாதிய."

வெளியே பிள்ளை இரைவது உள்ளே வரைக்கும் கேட்டது. குற்றாலலிங்கம் சுவர் பக்கம் போனார். காரை பெயர்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சுவர் மூச்சை இழுத்தது. முற்றத்தில் சத்தம் நின்றது.

முத்துராணி வீட்டைக் காலி பண்ணவில்லை, அவரும் சொல்லவில்லை. இசக்கியம்மா சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். மழை இறங்கினால் குற்றாலலிங்கம் தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து வருவார். முத்துராணி அவருக்கு ஸ்டூலைத் தள்ளிப் போட்டுவிட்டு இலை வெட்ட உட்காருவாள். அவர் பூசணத்தின்மேல் எண்ணெயைத் தடவி நீவிக்கொண்டே, "பைய இழு, பைய. நான் இங்கனதான இருக்கேன்" என்பார்.