குட்டி கேரட் விருந்து

மார்னி செய்தது ஒரே ஒரு தப்பு. விடுதியில் தன் மாடியில் உள்ளவர்களை விருந்துக்கு அழைத்து, ஆளுக்கொரு காய்கறி கொண்டுவரச் சொன்னாள். யார் எந்தக் காய் என்று மட்டும் சொல்லாமல் விட்டாள். கனடாவின் வின்னிபெக் நகரத்துக் கல்லூரி விடுதிப் பிள்ளைகளுக்குக் காய்கறி என்றால் வேறென்ன தெரியும்? கடையிலேயே தோல் சீவி, கட்டைவிரல் அளவில் பையில் அடைத்து விற்கிற குட்டி கேரட்தான். கழுவவும் வேண்டாம், நறுக்கவும் வேண்டாம். பொதுச் சமையலறை மேசை முழுக்க அந்தப் பைகள் குவிந்துவிட்டன.

கடைசியாக வந்தவன் கோல்பி. ஐஸ் ஹாக்கி ஆடுகிறவன், கதவடைக்கும் உடம்பு. செப்டம்பரிலிருந்து கப் நூடுல்ஸும் புரோட்டீன் பவுடரும்தான் அவன் சாப்பாடு. அவன் கையிலும் இரண்டு பை கேரட். தொட்டுக்கொள்ள சாஸும் வாங்கி வந்திருப்பதாகப் பெருமையடித்துக்கொண்டான்.

மார்னிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊட்டச்சத்துப் படிப்பில் இந்த விருந்துதான் அவளுக்குத் தேர்வு. உடன் தங்கியிருப்பவர்களுக்குக் காய்கறி சமைத்துப் போட வேண்டும். யாராவது ஒருவராவது, யாரும் வற்புறுத்தாமல், இரண்டாம் முறை கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் கோடையில் மருத்துவமனைப் பயிற்சி, இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. மாலை ஆறு மணிக்குப் பேராசிரியை லிண்ட்க்விஸ்ட் நேரில் வரப்போகிறார். பச்சைக் கேரட்டை இரண்டாம் முறை எவன் கேட்பான்?

"நீ அழுதா கேரட்டு முட்டைகோஸா மாறிடுமா?" என்றாள் அறைத்தோழி ஜாஸ். "சூப் வைடி."

அப்புறம் நடந்ததுதான் கூத்து. கத்தியே பிடித்தறியாத பயல்கள் வெங்காயம் உரித்துக் கண்ணீர் வடித்தார்கள். கேரட் வெந்ததும் அரைப்பதற்குக் கோல்பியின் மிக்சி வந்தது. எத்தனை முறை கழுவியும் அதில் புரோட்டீன் பவுடரின் வெனிலா வாசனை போகவில்லை. வெண்ணெய், இஞ்சி, பால் எல்லாம் சேர்ந்து கொதித்தபோது வராந்தா வரைக்கும் மணந்தது. மார்னி தேர்வையே மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

சூப்புக்கு ரொட்டி வாட்டித் தருகிறேன் என்று கோல்பி கிளம்பாமல் இருந்திருக்கலாம். அவன் அடுப்பில் ரொட்டியை வைத்துவிட்டுப் பழைய ஆட்டக் கதையில் இறங்கிவிட்டான். ரொட்டி கரியானது, புகை எச்சரிக்கை மணி அலறியது. மணி அடித்தால் விடுதி மொத்தமும் வெளியேற வேண்டும் என்பது சட்டம். அடுப்பை அணைத்த கையோடு மார்னி பானையைத் தூக்கிக்கொண்டாள். ஜாஸ் கரண்டியை எடுத்தாள், மற்றவர்கள் கைக்குக் கிடைத்த காபிக் கோப்பைகளை அள்ளினார்கள்.

வெளியே ஜனவரிக் குளிர். செருப்பும் போர்வையுமாக ஓடிவந்த எல்லா மாடிக்காரர்களும் பனியில் வெடவெடத்து நின்றார்கள். மார்னிக்கு மனசு கேட்கவில்லை. கண்டவர்களுக்கெல்லாம் சுடச்சுட ஊற்றினாள். கோப்பைகள் கைமாறிக் கைமாறிப் போயின. பேராசிரியை வந்து சேர்ந்தபோது விடுதியே பனியில் நின்று கேரட் சூப் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவர் கையிலும் ஒரு கோப்பையைத் திணித்துவிட்டு மார்னி பானையைப் பார்த்தாள். காலி. இனி இரண்டாம் முறை கேட்க என்ன இருக்கிறது?

அப்போது கோல்பி கோப்பையை விரலால் வழித்து நக்கியபடி வந்தான்.

"மார்னி, இன்னும் கொஞ்சம் ஊத்தேன்."

அவன் பின்னாலேயே நாலைந்து கோப்பைகள் நீண்டன. மார்னி பானையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"அவன் கேட்டது என் காதுல விழுந்துச்சு, மார்னி. அது போதும்," என்றார் பேராசிரியை. பிறகு தோள்பைக்குள் கையை விட்டுத் துழாவினார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"விருந்துக்கு வெறுங்கையோட வரக்கூடாதேன்னு வர்ற வழியில வாங்கினேன்," என்று ஒரு பை குட்டி கேரட்டை வெளியே எடுத்தார். "உள்ள விட்டதும் இன்னொரு பானை வை. எனக்கும் இன்னொரு கோப்பை வேணும்."