தம்ளரில் கறுத்த பூ

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது அல்ல. ஹெல்காவின் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கியது. நானும் அவளும் பதினெட்டு வருடங்களாக ஒரே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறோம். உருளைக்கிழங்கை இயந்திரம் தோலுரித்துத் தள்ளிவிடும். அது விட்டுவைத்த முளைக்கண்களை நாங்கள் உட்கார்ந்து நோண்ட வேண்டும். அந்த நேரத்தில்தான் ஹெல்கா பேசுவாள். மற்ற நேரங்களில் பேசுவதில்லை. பின்லாந்தின் இந்தக் கிழக்கு மூலையில் யாருமே அதிகம் பேசுவதில்லை.

எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. இடத்த மட்டும் எழுதாத," என்றாள். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. "உன் பாஷைய எத்தன பேரு படிப்பாங்க?"

"ஏழெட்டுக் கோடி பேரு பேசுவாங்க."

கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அத்தன பேரும் காளான் பறிப்பாங்களா?"

யாரும் இங்கே வர மாட்டார்கள் என்று சத்தியம் செய்த பிறகுதான் கத்தியைத் திரும்ப எடுத்தாள். ஆகவே ஊர்ப் பெயர் இந்தக் கதையில் இல்லை.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்தேன். என் தோல்விகளைக் கீழே அப்படியே விட்டுவைக்கிறேன்.

முதல் தொடக்கம்: "ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு, உர்ப்போ காணாமல் போனான்." தப்பு. ஒன்பது மணிக்கு அவன் காளான் பறிக்கத்தான் போனான். காணாமல் போனது அதற்குப் பிறகு.

இரண்டாவது: "பைன் காட்டின் மௌனத்தில், பச்சை என்பதே அறியாத ஒரு வெளிறிய பூ, ஏதோ ஒரு துக்கத்தில் தலைகுனிந்து—"

இதை ஹெல்காவுக்கு அவள் மொழியில் சொல்லிக் காட்டினேன். "அதுக்கு என்ன துக்கம்? அது மெழுகுல செஞ்ச மாதிரி இருக்கும். அவ்வளவுதான்," என்றாள். வாக்கியம் அங்கேயே நின்றுபோயிற்று.

மூன்றாவது: "உர்ப்போவின் கைப்பேசி ரொட்டி டப்பாவுக்குள் இருந்தது."

இது சரி. இங்கிருந்தே போவோம்.

3

உர்ப்போவின் கைப்பேசி ரொட்டி டப்பாவுக்குள் இருந்தது. அது ஹெல்காவுக்குப் பிற்பகல் மூன்றரை மணிக்குத் தெரியவந்தது.

உர்ப்போ அவள் கணவன். எழுபத்தொரு வயது. முப்பது வருடம் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். அந்த வருடம் மே மாதம் அவன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு ஹெல்கா அவன் போனில், அவன் எங்கே இருக்கிறான் என்று தன் போனில் காட்டுகிற ஒரு செயலியைப் போட்டுவைத்தாள். மே மாதத்தில் அவன் எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்தான். ஆகஸ்டில் மஞ்சள் காளான் முளைத்ததும்தான் விபரீதம் அவனுக்கு உறைத்தது. போன் கூட வந்தால் காளான் இடம் தெரிந்துவிடுமே.

நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் அவன் அவளிடம் சொல்லாத ஒரே விஷயம் அதுதான். இங்கே அது குற்றமும் இல்லை. வங்கி ரகசிய எண்ணைச் சொல்வார்கள், பழைய காதலைக்கூடச் சொல்லிவிடுவார்கள். காளான் இடத்தைச் சொல்ல மாட்டார்கள்.

மூன்று மணி காபிக்கு அவன் வரவில்லை. அந்தக் காபிக்கு அவன் வராத நாளே கிடையாது. ஹெல்கா போன் போட்டாள். ரொட்டி டப்பா கிர்ரென்று அதிர்ந்தது. அதே நேரம் பக்கத்து வீட்டு இர்யா, கடன் வாங்கியிருந்த வாளியைத் திருப்பிக் கொடுக்க உள்ளே வந்தாள்.

"ரொட்டி டப்பாவா அடிக்குது?"

"ஆமா. கிழவன் என்னைய ஏமாத்திட்டான்."

"காளானுக்காகவா?"

"வேற எதுக்கு? வேற பொம்பளைக்காகப் போயிருந்தா போன எடுத்துட்டுப் போயிருப்பான்."

இருவரும் சிரித்தார்கள். ஐந்து மணிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தூறல் போட ஆரம்பித்திருந்தது. ராத்திரி குளிர் ஐந்து டிகிரிக்கு இறங்கும் என்று வானொலி சொன்னது. உர்ப்போ மேல்கோட்டு எடுத்துப் போகவில்லை. மாத்திரைப் பெட்டியில் செவ்வாய்க்கிழமை மாலைக்கான அறை மூடியபடியே இருந்தது.

ஆறு மணிக்குத் தேடுதல் குழுவினர் ஆரஞ்சு நிற உடுப்பு மாட்டிக்கொண்டு திரண்டார்கள். எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். தலைவன் இஸ்மோ, இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். உர்ப்போவின் கார் பழைய மணல் குழி ஓரத்தில் நின்றிருந்தது. அதைச் சுற்றி வரிசை கட்டி ஒன்றரை மணி நேரம் சல்லடை போட்டார்கள். ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"ஹெல்கா, காரு நிக்கிற எடத்துல அவன் இல்ல," என்றான் இஸ்மோ.

"காரு நிக்கிற எடத்துல அவன் என்னைக்குமே இருக்க மாட்டான். ஆளுங்க கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளித்தான் நிறுத்துவான்."

இஸ்மோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நானும் அப்படித்தான் நிறுத்துவேன்," என்றான். வரிசையில் நின்ற நாலைந்து பேர் அவரவர் செருப்பு* முனையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி. உர்ப்போவோட எடம் யாருக்காவது தெரியுமா? எப்படித் தெரியும்னு யாரும் கேக்க மாட்டோம்."

ஒருவருக்கும் உண்மையிலேயே தெரியாது. நாற்பது வருடம் அவன் அவ்வளவு கச்சிதமாக மறைத்திருந்தான்.

\* செருப்பு என்று எழுதிவிட்டேன். ரப்பர் பூட்ஸ். ஹெல்கா திருத்தினாள். காளான் விஷயத்தில் அவளுக்குத் திருத்தம் ஒன்றுமில்லை.

4

முதல் படியில் கதையை நான் இங்கேயே முடித்திருந்தேன். மறுநாள் மதியம் உர்ப்போவின் உடல் கிடைக்கிறது. கூடை நிறைய மஞ்சள் காளான். ஹெல்கா அதை வெண்ணெயில் வதக்கித் தனியாகச் சாப்பிடுகிறாள். கடைசி வரி என்னவோ உப்பைப் பற்றியது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

படித்துக் காட்டினேன். ஹெல்கா நோண்டுவதை நிறுத்தினாள்.

"அவன ஏன்டி கொன்ன?"

"கதை கனமா இருக்கும்னு..."

"அன்னைக்கு ரெண்டு மணி நேரம் அவன் எனக்குச் செத்துப் போய்த்தான் இருந்தான். நீ வேற இன்னொரு தடவ கொல்லணுமா?"

அந்தப் பக்கத்தை உருளைக்கிழங்குக் குப்பையோடு போட்டேன். எழுதத் தெரிந்த காலத்திலிருந்து நான் யார் யாரையோ கொன்றிருக்கிறேன், ஒருவரும் வந்து கேட்டதில்லை. அன்றைக்கு வெட்கமாக இருந்தது. உர்ப்போ பிழைத்துக்கொண்டான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்களும் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். எப்படிப் பிழைத்தான் என்பதுதான் மீதி.

5

பூவை இன்னும் கொண்டுவரவில்லை. அது முந்தின சனிக்கிழமையே வந்துவிட்டது.

அன்று உர்ப்போ கொண்டுவந்த கூடையில், காளான்களுக்கு மேலே, ஒரு தண்டு கிடந்தது. வெளிர் மஞ்சள். பச்சை இலை ஒன்றுகூட இல்லை. நுனி வளைந்து, அதில் சின்னச் சின்ன மணிகள் மாதிரிப் பூக்கள். இங்கே அதைப் பைன்பூ என்பார்கள். ஹெல்கா அதைத் தண்ணீர்த் தம்ளரில் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். உர்ப்போ பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடித்தான்.

[இந்தப் பூ தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளாது. பைன் மரம் வெயிலில் சமைத்ததை வேரில் ஒட்டியிருக்கும் பூஞ்சைக்குக் கொஞ்சம் கொடுக்கும். அந்தப் பூஞ்சையிடமிருந்து இது உறிஞ்சிக்கொள்ளும். திருப்பி எதையும் கொடுப்பதாகத் தெரியவில்லை. இந்த இடத்தில் எந்த எழுத்தாளனுக்கும் "நானும் இந்தப் பூதான், பிறர் கதையை உறிஞ்சிப் பிழைக்கிறேன்" என்று எழுதக் கை அரிக்கும். எழுதினேன். ஹெல்காவிடமும் சொன்னேன். "நீயா? உன் பங்கு உருளக்கெழங்க நீதானே நோண்டுற," என்றாள். அடித்துவிட்டேன்.]

ஏழரை மணிக்கு ஹெல்கா வீட்டுக்கு ஓடினாள், மாத்திரையும் கோட்டும் எடுக்க. இஸ்மோதான் அனுப்பினான், அவளுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. ஜன்னல் பக்கம் கை நீட்டி மாத்திரைப் பெட்டியை எடுத்தபோது தம்ளரைப் பார்த்தாள்.

பூ முழுக்கக் கறுத்திருந்தது. வாடிக் காயும்போது அது அப்படித்தான் ஆகும். ஹெல்காவுக்கு அது தெரியாது. ஆனால் கறுத்த தண்டை அவளுக்குத் தெரியும். ரொம்ப நன்றாகத் தெரியும்.

இங்கேதான் ஹெல்காவும் யோக்கியம் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுக்கும் ஓர் இடம் உண்டு. செப்டம்பரில் சிவப்புக் காட்டுப்பழம் பறிக்கப் போவாள், வேலைநாளில், உர்ப்போவிடம் சொல்லாமல். மணல் மேடு ஒன்றின் உச்சியில், பைன் மரங்களுக்கு அடியில். செடியிலிருந்து பழத்தை வாரி எடுக்கும் சீப்பில் ஒவ்வொரு வருடமும் இந்தக் கறுத்த குச்சிகள் வந்து சிக்கும். முப்பது வருடமாக அவற்றைத் திட்டிக்கொண்டே பிய்த்து எறிந்திருக்கிறாள். அவை ஒரு காலத்தில் பூவாக இருந்தவை என்று அவள் நினைத்ததே இல்லை. வேறு எங்கேயும் அவற்றைப் பார்த்ததும் இல்லை. அப்படியென்றால் அவன் கூடையில் வந்த பூவும் அங்கே முளைத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அவன் ஆகஸ்டில் சரிவில், பிர்ச் மரங்களுக்கு நடுவே. அவள் செப்டம்பரில் உச்சியில். ஒரே மேடு.

"ஒடனே ஓடினியா?" என்று கேட்டேன்.

வெகுநேரம் நோண்டினாள். "இல்ல. நின்னேன். சொன்னா என் எடமும் போயிடுமேன்னு நெனச்சேன். பத்து நொடி இருக்கும். என் புருஷன் மழையில கெடக்குறான், நான் பழத்த நெனச்சிட்டு நிக்கிறேன். அந்த வெக்கம் இன்னும் போகல."

இதை எழுத வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

6

(இந்தப் பகுதியில் வழி இருந்தது. எந்தப் பாலம், எந்தத் திருப்பம், வேலி எங்கே முடிகிறது என்றெல்லாம். வாக்குக் கொடுத்திருக்கிறேன். எடுத்துவிட்டேன்.)

7

காரிலிருந்து இறங்கி ஹெல்காதான் முன்னால் நடந்தாள். பின்னால் இஸ்மோ, இர்யா, தூக்குப்படுக்கையோடு இரண்டு பேர். மழை நின்று, மேற்கே வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. மேட்டின் உச்சியில் நின்று ஹெல்கா கத்தினாள்.

"உர்ப்போ!"

கைகளை வாயருகே குவித்து மறுபடி கத்தினாள்.

"உர்ப்போ! கெழவா! இருக்கியா?"

சரிவுக்குக் கீழேயிருந்து கரகரத்த குரல் ஒன்று வந்தது. "கூட எத்தன பேரு?"

ஹெல்கா அங்கேயே பாசியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லையாம். இதயம் நின்றிருந்தால் ஒருவன் அப்படிக் கேட்க முடியாது. அந்தக் குரலைக் கேட்டபோது நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை உருளைக்கிழங்கை இறக்கிவைத்த மாதிரி இருந்தது என்றாள். இதைச் சொல்லும்போதும் அவள் கண் கலங்கியது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும்தான்.

உர்ப்போவின் கணுக்கால் உடைந்திருந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் சுற்றிலும் முளைத்திருந்த காளான்கள் மீதெல்லாம் பெரணி இலைகளைப் பறித்து மூடியிருந்தான். கை எட்டுகிற தூரம் வரைக்கும், சுத்தமாக.

"நான் ஒண்ணும் பாக்கல," என்று இஸ்மோ வானத்தைப் பார்த்தான். தூக்க வந்த இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். இர்யா மட்டும் கீழே பார்த்துவிட்டாள்; ஹெல்கா முறைத்ததும் அவளும் மேலே பார்த்தாள். ஐந்து பேர் ஆகாயத்தைப் பார்த்தபடி ஒருவனைக் காட்டிலிருந்து தூக்கிவந்தார்கள். இரண்டு தடவை தடுக்கினார்கள்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று வழியில் உர்ப்போ கேட்டான்.

"பூ கறுத்துப் போச்சு. அந்த மாதிரிக் குச்சிய இங்கதான் பாத்திருக்கேன்."

"எப்ப?"

"எப்பவோ," என்று சொல்லி மாத்திரையை அவன் வாயில் போட்டாள்.

8

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை.

உர்ப்போ காளானைக் காட்டிலேயே சுத்தம் செய்துவிடுவான். சின்னக் கத்தியால் அடியைச் சீவி, தூரிகையால் மண்ணைத் தட்டி. நாற்பது வருடத்தில் அவன் கூடையில் ஒரு பைன் ஊசிகூட வீட்டுக்கு வந்ததில்லை. அது ஹெல்காவே பெருமையாகச் சொல்வது. அந்தச் சனிக்கிழமை மட்டும், மே மாதத்து ஆஸ்பத்திரிக்குப் பிறகு வந்த முதல் காளான் கூடையில், மேலாக, ஒடியாமல், ஒரு பூ.

"அவரேதான் வெச்சிருப்பாரோ? சொல்ல வாய் வராம?" என்றேன்.

"தெரியாது."

"அப்ப, உன் எடம் அதுதான்னு அவருக்கு முன்னாடியே தெரியுமோ?"

"தெரியாது."

"கேட்டுடேன்."

ஹெல்கா ஒரு கிழங்கின் எல்லாக் கண்களையும் நோண்டி முடித்துத் தண்ணீரில் போட்டாள். "கேட்டு, தவறி விழுந்துச்சுன்னு சொல்லிட்டான்னா?"

இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் வைத்தான். ஒன்றில் அது விழுந்தது. இரண்டையும் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் முடிவு செய்வதற்கு முன், இன்று காலை நடந்ததையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. மறுபடி ஆகஸ்ட். ஹெல்கா ஏழு மணிக்கு வேலைக்கு வந்தாள், ஏப்ரனைக் கட்டினாள், எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"கால் சரியாப் போச்சாம். காளானுக்குக் கெளம்புறான்."

"போன் எடுத்துட்டுப் போவாரா?"

"ரொட்டி டப்பாக்குள்ள வெச்சிட்டான். இன்னைக்கு நான் பாக்கும்போதே வெச்சான்."

"ஐயோ! நீ ஒண்ணும் சொல்லலியா?"

"எங்க போறான்னு எனக்குத் தெரியுமே," என்றாள் ஹெல்கா. கத்தியை எடுத்தாள். "தம்ளரக் கழுவி, தண்ணி ஊத்தி, ஜன்னல்ல வெச்சிட்டு வந்திருக்கேன்."

இப்போது மணி பத்தேகால். அவன் மூன்று மணிக் காபிக்கு வந்துவிடுவான்.