எட்டு மணி ஜன்னல்

எங்கள் ஊரில் நாற்பத்தொரு பேர் இருக்கிறோம். அறுபதைத் தாண்டாதவர்கள் ஐந்து பேர். ஊர்த்தலைவர் காமென் அதில் ஒருவர் என்பதால்தான் அவருக்கு அந்தப் பதவி. டவுனில் மூன்று மாடி ஏறி மனு கொடுக்க முழங்கால் வேண்டுமே. மற்றபடி அவரிடம் விசேஷமாக ஒன்றும் கிடையாது.

எட்டு மணி ஜன்னல் திட்டம் நெவேனா அக்காவின் யோசனை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊர் முகப்பில் இருக்கும் பித்தளைப் பலகையில் வேறு பெயர் பொறித்திருக்கிறது. நெவேனா முப்பது வருஷம் எங்களுக்குத் தபால் கொண்டுவந்தவள். தபால் நிலையத்தை மூடிய பிறகும் காலையில் தெருவைச் சுற்றாவிட்டால் அவளுக்குக் காபி இறங்காது. ஒரு குளிர்காலத்தில் மேலத்தெருவில் தனியாக இருந்த ஸ்தோயில் என்ற கிழவர் செத்து நான்கு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். அதுவும் அவருடைய கோழிகள் பசி தாங்காமல் தெருவுக்கு வந்ததால். அடக்கம் முடிந்து, செத்தவர் பேரில் எல்லோருக்கும் கொடுக்கும் அவித்த கோதுமையைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கும்போது நெவேனா கத்தினாள்.

"வெக்கமா இல்ல? நாலு நாளு! எல்லாருக்கும் தெருப்பக்கம் மரக்கதவு வச்ச ஜன்னல் இருக்குல்ல? காலைல எட்டு மணிக்குள்ள அதத் தொறந்துடணும். தொறக்கலன்னா அந்த வாரத்து முறைக்காரன் போய்த் தட்டணும். பதில் வரலன்னா ஒடச்சிட்டு உள்ள போயிடணும். இதுக்குக் காசும் வேணாம், கவர்மென்டும் வேணாம்."

அவ்வளவுதான் திட்டம். எல்லா ஜன்னல் கதவுக்கும் ஒரே நீலச் சாயம் அடித்தோம். இரண்டு வருஷத்தில் இரண்டு பேர் பிழைத்தார்கள். ஒருத்தர் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், இன்னொருத்தி சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தவள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு தலைநகரத்தில் ஏதோ ஒரு அறக்கட்டளை போட்டி வைத்தது. கிராமத்து ஜனங்கள் தாங்களாகவே கண்டுபிடித்து, ஒருவரையும் விட்டுவிடாமல் நடத்தும் திட்டத்துக்குப் பரிசு. பரிசு ஒரு வேன். சக்கர நாற்காலியைத் தூக்கி ஏற்றும் வசதியோடு, ஐந்து வருஷத்து டீசலோடு.

வேன் என்று கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. என் மனைவி ஸ்பாஸ்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் நாற்பத்தாறு கிலோமீட்டர் போய் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். வசந்த காலத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். எங்கள் சாலைக்கு டாக்சிக்காரன் வரமாட்டான். பால் ஏற்றும் வண்டியில், கேன்களுக்கு நடுவே உட்கார வைத்து அவளைக் கொண்டுபோனேன். அந்த வண்டி ஜூனில் இரண்டு தடவை வரவில்லை. ஸ்பாஸ்காவின் கால் தலையணை மாதிரி வீங்கி, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது.

"இன்னொரு தடவ இப்படி விட்டீங்கன்னா, இங்க கொண்டு வரவே வேணாம், நேரா பாதிரியார்கிட்ட போயிடுங்க," என்றார் டாக்டர். அதை அவள் காதுபடவே சொன்னார்.

விண்ணப்பத்தைக் காமென் எழுதினார். எழுதியதை ஊருக்கு வாசித்தார். 'திட்டத்தை உருவாக்கியவர்' என்ற இடத்தில் காமென் என்று வந்தது.

"ஏண்டா காமென், நீ உருவாக்கினியா?" என்று நெவேனா எழுந்தாள். "ஸ்தோயில் செத்தப்ப நீ ஊர்லயே இல்லயேடா. மாமியார் வீட்ல ஒயின் குடிச்சிட்டுக் கெடந்த."

"அக்கா, தலைவர் பேரு இருந்தாதான் மதிப்பாங்க. பேருல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லன்னா என் பேரப் போடு."

ஒவ்வொருவராக எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார்கள். நெவேனா என்னைப் பார்த்தாள். நான் என் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேன் வந்தால் போதும், அதில் யார் பெயர் இருந்தால் எனக்கென்ன என்றிருந்தது.

மறுநாள் அவள் ஜன்னலைத் திறக்கவில்லை. முறைக்காரன் பயந்துபோய்க் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து குரல் வந்தது: "உசுரோடதாண்டா இருக்கேன். போய் உங்க தலைவன் ஜன்னலத் தட்டு!" அடுத்த நாளும் அப்படியே. ஒன்பது நாள் மத்தியானம் வரை மூடி வைத்து, தட்டியவனையெல்லாம் திட்டி அனுப்பினாள். "அவளத் தட்டாதீங்க. கொழுப்பு அடங்கட்டும்," என்றார் காமென். பத்தாவது நாள் அறக்கட்டளைக்காரர்கள் பார்வையிட வரும் நாள். அந்த வாரம் முறை என்னுடையது. எட்டு மணிக்கு அவள் வீட்டைத் தாண்டினேன். நீலக் கதவு மூடியிருந்தது. தட்டவில்லை.

ஒன்பதரைக்குக் காமென் சலவைச் சட்டையோடு ஓடிவந்தார். "மெதோதி அண்ணே, மானம் போயிடும். தெரு பூரா தொறந்திருக்கு, அவளுது மட்டும் பொக்கப்பல்லு மாதிரி நிக்குது. நீங்க போய் வெளிலேர்ந்தே தொறந்துடுங்க. அவ திட்டினா திட்டட்டும்."

செடிக்கு ஒட்டுக்கட்டும் கத்தியை இடுக்கில் விட்டுக் கொக்கியை நெம்பினேன். கதவு திறந்தது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன்.

நெவேனா கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. இடது கை விரல்கள் கம்பளத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. கண் இரண்டும் நேராக என்னைப் பார்த்தன.

கீழ்ச் சாலையில் கார் சத்தம் கேட்டது. அவர்கள்தான்.

நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். எட்டு மணிக்குத் தட்டியிருக்க வேண்டியவன் நான். இப்போது கத்தினால் ஊர் கூடும், ஆம்புலன்ஸ் வரும், வந்தவர்கள் பார்ப்பார்கள்: எட்டு மணி ஜன்னல், பத்து மணிக்கும் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை என்று. வேன் போய்விடும். வேன் போனால் ஸ்பாஸ்கா போய்விடுவாள். நெவேனா மூச்சு விட்டுக்கொண்டுதானே இருக்கிறாள், கொஞ்ச நேரத்தில் என்ன ஆகிவிடும்?

உள்பக்கத்துக் கண்ணாடி மேலே ஒரு சாண் திறந்திருந்தது. அதன் வழியாகச் சொன்னேன்: "ரெண்டு மணி நேரம்தான் அக்கா. பேசாம படுத்திரு."

கையை உள்ளே விட்டு லேஸ் திரையை இழுத்துவிட்டேன்.

மூன்று பேர் வந்தார்கள். ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்றோம். ஸ்பாஸ்கா வீங்கிய காலோடு பூப்போட்ட பாவாடை கட்டிக்கொண்டு தட்டை ஏந்தி நின்றாள். தெருவில் நடந்து வந்தபோது, அவர்களில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அம்மாள் நெவேனாவின் ஜன்னல் முன்னால் நின்றுவிட்டார்.

"இங்க யார் இருக்காங்க? திரை போட்டிருக்கே."

"எங்க பழைய தபால்காரம்மா," என்றார் காமென். "கொஞ்சம் கூச்சம். விருந்தாளின்னா திரைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் திரையைப் பார்த்துக் கையாட்டினார். "வணக்கம்மா!" என்றார் சத்தமாக. என் காதில் கம்பளத்தைப் பிறாண்டும் சத்தம் விழுந்தது. வேறு யாருக்கும் விழவில்லை. ஒருவேளை எனக்கும் விழவில்லையோ என்னவோ.

அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்ஸா அடை இன்னொரு துண்டு கேட்டார்கள், பிளம் பழத்தில் காய்ச்சிய ரக்கியா சாராயத்தின் செய்முறை கேட்டார்கள். பாவிகள், எழுந்திருக்கவே இல்லை. ஒன்றரை மணிக்குக் கார் கிளம்பியது. தூசு அடங்கும் முன்பே ஓடிப்போய் நெவேனாவின் கதவைத் தோளால் இடித்து உடைத்து, ஊருக்கே கேட்கும்படி அலறினேன்.

டவுன் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "காலைல கொண்டு வந்திருந்தீங்கன்னா ஒரு ஊசில நடக்க வச்சிருப்பேன். இப்ப உசுரு மட்டும்தான்." வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று.

காமென் அன்றைக்கே அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் வந்துபோன அதே நாளில் எங்கள் ஜன்னல் திட்டம் ஒரு உயிரைக் காப்பாற்றியது என்று. அந்த அம்மாள் போனில் அழுதாராம். பரிசு எங்களுக்குத்தான்.

வேன் வந்தது. ஓட்டுநர் நான். நெவேனாவைச் சக்கர நாற்காலியோடு மேலே தூக்கும்போது எடுத்த படம் பத்திரிகையில் வந்தது. நாற்காலியின் ஒரு பிடியைக் காமென் பிடித்திருக்கிறார், இன்னொன்றை நான். 'ஒருவரையும் விட்டுவிடாத ஊர்' என்று தலைப்பு. அவள் மகன் ஸ்பெயினிலிருந்து எனக்குப் போன் செய்து, "மாமா, நீங்க இல்லன்னா எங்கம்மா இல்ல," என்று தேம்பினான். அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

ஸ்பாஸ்காவுக்கு வீக்கம் வடிந்தது. தோட்டத்தில் மிளகாய் பறிக்குமளவுக்குத் தேறிவிட்டாள். அவளுக்கு மருத்துவமனை நாள் எதுவோ அதுவே நெவேனாவுக்குப் பயிற்சி நாள். பின் இருக்கையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். ஸ்பாஸ்கா அவள் வாயோரம் துடைத்துவிடுவாள், ஆப்பிளைச் சுரண்டி ஊட்டுவாள்.

"மெதோ, கவனிச்சியா? ஏறினதுலேர்ந்து எறங்கற வரைக்கும் உன்னையேதான் பாக்கறா. நீ காப்பாத்தினத மறக்கல பாவம்."

கண்ணாடியில் அந்தக் கண்களைப் பார்க்க முடியாமல் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். பின்னால் வரும் லாரி தெரியவில்லை. மறுபடி நேராக்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் நல்லவனாகிவிடுவேன். பயமாகத்தான் இருந்தது.

அக்டோபரில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஐயா, நல்ல சேதி. அவங்களுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு, வார்த்தைதான் வெளிய வரல. இடது கையும் நல்லாத் தேறிட்டு வருது. விடாம கூட்டிட்டு வாங்க, வசந்தத்துக்குள்ள பேச வச்சிடறேன். ஏதோ சொல்லணும்னு தவிக்கறாங்க, பாவம்."

ஸ்பாஸ்கா அப்போது இன்னொரு கட்டிடத்தில் இயந்திரத்தோடு படுத்திருந்தாள். திரும்பி வந்ததும் நேராகக் காமெனிடம் போனேன்.

"தலைவரே, நெவேனா விஷயத்துல கைய விரிச்சிட்டாங்க. இனிமே தேறாதாம். அலைக்கழிக்க வேணாம்னு சொல்றாங்க."

அன்றைக்கு ஜன்னலைத் திறக்கச் சொன்னவர் அவர்தானே. அவருக்கு எவ்வளவு தெரியுமோ, என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப அந்த எடம் யாருக்காவது உபயோகப்படட்டும். கூட்டத்துல வைப்போம்," என்றார்.

வேனில் யாருக்கு இடம் என்பதை மாதா மாதம் ஊரே கூடிக் கை தூக்கி முடிவு செய்கிறோம். நவம்பர் கூட்டத்துக்கு ஸ்பாஸ்காதான் நெவேனாவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாலு மனுஷ முகத்தைப் பார்த்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று கம்பளி போர்த்தி முன்வரிசையில் நிறுத்தினாள்.

காமென் விஷயத்தைச் சொன்னார். டாக்டர்கள் கைவிட்டார்கள், இடம் வேறொருவருக்கு, வீட்டிலேயே நாம் பார்த்துக்கொள்வோம். "ஆதரவா இருக்கறவங்க?"

கைகள் உயர்ந்தன. ஸ்பாஸ்கா என்னைப் பார்த்தாள். நான் தூக்கியிருந்தேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூக்கினாள்.

"எதிர்ப்பு?"

கம்பளிக்குள்ளிருந்து நெவேனாவின் இடது கை வந்தது. நடுங்கிக்கொண்டே மார்பு வரை வந்து, தோள் வரை வந்து, தலைக்கு மேலே போய் நின்றது. விரல்கள் விரிந்திருந்தன. குறிப்பெழுதும் பென்கா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள்: "ஒரு எதிர்ப்புன்னு எழுதட்டுமா?"

காமென் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவன் நான்தானே.

"அது நடுக்கம்," என்றேன். "டவுன்ல போறப்பல்லாம் பாக்கறேன். தானா அப்படி எழும்பும். நரம்பு."

"ஐயோ பாவம்," என்றது பின்வரிசை. பென்கா 'ஏகமனதாக' என்று எழுதினாள். ஸ்பாஸ்கா எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கி, கம்பளிக்குள் வைத்தாள். "குளுருது போல," என்றாள். நெவேனா மறுபடி கையை வெளியே எடுக்கப் பார்த்தாள். ஸ்பாஸ்கா அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் அழுத்திப் பிடித்து, கூட்டம் முடியும் வரை அன்பாகத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.