உப்பு வைக்கச் சொன்னார்கள்

யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டின் முன்னறையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் கதிரையில் தங்கராஜா. அடுப்படிக்குப் போகும் படியில் அவர் மனைவி பூவம்மா, கொழுந்துக் கறை போகாத கைகளை மடியில் வைத்தபடி. கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்யும் அவர்கள் மகன் சுரேன் ஃபோனுக்குள் இருந்தான். ஃபோன் அரிசி வாளியின் மூடிமேல் இருந்தது. சுரேனின் மனைவி சிவானுஜா சீலைத் திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில், பிறந்து மூன்று வாரமான பெண் குழந்தையோடு. நான் வாங்குப் பலகையில், மடியில் தாளும் அட்டையுமாக.

பெரகல சந்தியில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை. பக்கத்துத் தோட்டங்களில் யாருக்காவது மேலிடத்துக்கு மனு எழுத வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். புஹாரி நானா எழுதினால் பதில் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. வந்த பதில்கள் மிகக் குறைவு என்பது எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். குழந்தையின் தொப்புள்கொடி விழுந்த இடம் காயவில்லை. குழிக்குள் பட்டாணி அளவில் சிவந்த சதை ஒன்று நின்றது. அதிலிருந்து கசிந்த நீர் கட்டிய துணியிலெல்லாம் மஞ்சளாகப் பட்டது. தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த மிட்வைஃப் மாற்றலாகிப் போன பிறகு அந்த இடத்துக்கு எவரும் வரவில்லை. போகும் முன் அவர் கர்ப்பிணிகளிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: தொப்புளில் எதையும் வைக்காதீர்கள், எண்ணெய் வேண்டாம், சாம்பல் வேண்டாம். பூவம்மாகூட அதற்குக் கட்டுப்பட்டிருந்தாள். கசிவு நிற்காமல் போகவே முந்தாநாள் மழையில் இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாமனார் வராந்தாவில் நின்றார். மருமகள் மட்டும் குழந்தையோடு உள்ளே போனாள். வெளியே வந்தவள் கையில் மருந்தும் இல்லை, மருந்து எழுதிய துண்டும் இல்லை. சமைக்கிற உப்பை வைக்கச் சொன்னார்கள் என்றாள்.

“டவுன்காரப் புள்ளைக்கு இதச் சொல்லுவாங்களா நானா? தோட்டத்து ஆளுன்னா உப்பு போதும். ஆஸ்பத்திரி மேலிடத்துக்கு எழுதுங்க, நல்லா சூடா எழுதுங்க” என்றார் தங்கராஜா. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்து, “ஒங்க கடை உப்புதான் வீட்டுல இருக்கு. நீங்களும் இப்ப மருந்துக்கடை மொதலாளி” என்றார்.

நான் வழக்கமாகக் கேட்பவற்றைக் கேட்டேன். டாக்டர் பெயர் என்ன? தெரியாது. என்ன வருத்தம், என்ன நோய் என்று சொன்னார்? தெரியாது. உப்பு எதற்கு என்று கேட்டீர்களா? கேட்கிற மாதிரியா இருந்தது அங்கே என்றார். அரிசி வாளியின் மேலிருந்து சுரேன், கடிதத்தை இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்றான். அதோடு லைன் அறுந்தது. நான்கு முறை திரும்ப எடுத்தோம். ஒருமுறை ஹலோ மட்டும் வந்தது. எனக்குத் தலை வலித்தது. உள்ளே போய் டாக்டரைப் பார்த்தவள் திரைக்குப் பின்னால் இருக்கிறாள்; வெளியே நின்றவர்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

“ஒன்னு சொல்லிப்புட்டேன்” என்றார் தங்கராஜா. “இதுக்குப் பதில் வர்ற வரைக்கும் அந்தத் தொப்புள்ள யாரும் கை வைக்கக் கூடாது.”

மேல் லயத்துத் தண்ணீர்க் குழாய்க்கு நான் எழுதிய மனுவுக்குப் பதில் வந்தபோது, கேட்டவர் தோட்டத்தை விட்டே போயிருந்தார். இந்த மனுவுக்குப் பதில் வருவதற்குள் குழந்தை நடந்துவிடும்.

உள்ளே போனவர் சொல்லாமல் என்னால் ஒரு வரியும் எழுத முடியாது என்று பேனாவை மூடினேன். “மகள், நீங்க சொல்லுங்க.”

திரைக்கு அப்பாலிருந்து அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கையைக் கழுவிவிட்டு ஒரு சிட்டிகை உப்பை அந்தச் சதைமேல் வைத்து மூட வேண்டும். அரை மணி கழித்துச் சுத்தமான தண்ணீரில் துடைத்தெடுக்க வேண்டும். காலையும் மாலையும், ஒரு வாரம். சுற்றிச் சிவந்தாலோ, நாறினாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு வர வேண்டும். காயாவிட்டாலும் வர வேண்டும், வேறு மருந்து இருக்கிறது.

“நேத்துக் காலையிலருந்து வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மாமா.”

தங்கராஜா எழுந்த வேகத்தில் கதிரை சுவரில் இடித்தது. “யாரக் கேட்டு வச்ச?”

“உள்ள போனது நான்தானே.”

பூவம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சுரேனுக்கு மூத்தது ஒன்னு இருந்துச்சு நானா. ஒன்னுமில்ல, வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு டிஸ்பென்சரியில சொல்லி அனுப்புனாங்க. அதுக்கும் தொப்புள்தான்.”

தங்கராஜா வாசல் பக்கம் திரும்பி நின்றார். அவருடைய கோபத்துக்கு எத்தனை வயது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சிவானுஜா குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து துணியை விலக்கினாள். சுருங்கியிருக்கிறது என்றாள் அவள். அப்படியேதான் இருக்கிறது என்றார் தங்கராஜா. நிறம் மங்கியிருக்கிறது என்றாள் பூவம்மா. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முன்பு பார்க்காத எனக்கு என்ன தெரியும்?

எனக்குத் தெரிந்தது மனு எழுதுவது மட்டும்தான். அதையே சொன்னேன். “அண்ணே, சொன்னதைச் செய்யாம நாம எழுதினா, உப்பு வச்சீங்களான்னுதான் மொதல்ல கேப்பாங்க. இல்லன்னா மனு அங்கேயே முடிஞ்சிரும். வச்சுப் பாத்தோம்னு எழுதணும்னா, வைக்கணும்.”

அவர் வெகுநேரம் வெளியே பார்த்தார். மூடுபனி லயத்துக் கூரைவரை இறங்கியிருந்தது. “அப்ப என் கண்ணு முன்னால வைக்கணும்” என்றார். “ஒருவேளகூடத் தப்பக் கூடாது. ஆனா கடுதாசி இன்னைக்கே போகணும்.”

எழுதினேன். உப்பு தவறென்று எழுதவில்லை. சரியென்றும் எழுதவில்லை. வைத்து வருகிறோம், இது ஆறுகிறதா கெடுகிறதா என்று பார்த்துச் சொல்ல இந்தத் தோட்டத்தில் ஒருவரும் இல்லை, உடனே ஒருவரை அனுப்பவும் என்று எழுதினேன். வாசித்துக் காட்டியபோது தங்கராஜா, சூடு காணாது என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

கவரின் பசை அந்த ஈரத்தில் முன்பே ஒட்டிக் கிடந்தது. பிரித்ததில் கிழிந்தது. சோறு இருக்கிறதா என்று கேட்டேன். மாலை வேளைக்கு உப்பு எடுத்துக்கொண்டிருந்த சிவானுஜா அதே கையால் பானையிலிருந்து நான்கு பருக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நசுக்கித் தடவி மூடினேன். பின்னால், தங்கராஜா குனிந்து நிற்க அவள் துணியை விலக்குவது தெரிந்தது.

சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தபால் பெட்டியில் போடும் முன், ஒட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தேன். மடிப்புக்குக் கீழே உப்புக் கல் ஒன்று நெருடியது. அதோடேயே உள்ளே போட்டேன்.