பதினொரு மணி நிக்காஹ்

யுத்தம் முடிந்த வருஷம் என் புருஷன் ஜவுபர் ஜப்பானில் மாப்பிள்ளை வேலை பார்த்தார். சிரிக்காதீர்கள், சம்பளம் தந்தது அதற்குத்தான்.

அங்கே ஒரு பெரிய பூங்கா. டிக்கட் எடுத்து உள்ளே போனால் ஒரு பக்கம் ஒல்லாந்து ஊர், அடுத்தது ஸ்பெயின், அதற்கடுத்தது அரபு ஊர். ஜப்பான்காரர் விமானம் ஏறாமலே உலகம் சுற்றிவிட்டுப் பொழுதுபட வீட்டுக்குப் போவார்களாம். சொந்த நாட்டுப் பழைய தெருவைப் பார்க்கப் போனாலும் கிமோனோவை வாடகைக்கு எடுத்து உடுத்துத்தான் படம் பிடிப்பார்களாம். அரபு ஊரில் பகல் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஒரு கலியாணம் நடக்கும். பார்க்க வருகிறவர்கள்தான் கலியாண வீட்டார். கல்முனையில் பிறந்த என் மனிசனுக்குத் தலைப்பாகை கட்டி நிறுத்தினார்கள். பெண், மயூமி என்ற பிள்ளை.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் வீடு கொடுப்பது வழக்கம். எனக்கென்று கட்டிய வீட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது. அதைத் திரும்பக் கட்டத்தான் அவர் போனார். சுவர் எழும்பிவிட்டது, கூரைதான் மிச்சம். ஆகவே அந்தப் பிள்ளையோடு நிற்கும் படத்தை அனுப்பியபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் பூங்காவை நடத்தும் முகாமையாளர், மாப்பிள்ளை பேசும் வசனம் சப்பென்று இருக்கிறது, உங்கள் ஊரில் உண்மையில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவரும் பெருமையோடு நிக்காஹில் மாப்பிள்ளை சொல்லும் வார்த்தையை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார். யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்ட கதை. மூன்று மாதம் அதைச் சொன்ன பிறகுதான், நிக்காஹை விளையாட்டுக்குச் சொன்னாலும் சொன்னதுதான் என்று சின்ன வயதில் ஓதியது நினைவு வந்ததாம். போன் எடுத்துக் கேட்டார்.

"புள்ள, எனக்கு இப்ப ரெண்டு பொண்டாட்டியா?"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மௌலவியிடம் போனேன். பெண்ணின் வாப்பா கையைப் பிடித்துக் கொடுத்தாரா, இரண்டு முஸ்லிம் சாட்சி இருந்தார்களா என்று கேட்டார். எல்லாரும் டிக்கட் எடுத்து வந்தவர்கள் என்றேன். அப்படியானால் அது நிக்காஹ் இல்லை, ஆனாலும் அந்த வார்த்தையை விற்கவேண்டாம் என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனில் அவரிடம் சொன்னேன். மூச்சு வந்தது மனிசனுக்கு. மாப்பிள்ளை வேலையை விட்டால் ஒட்டகம் பிடிக்கும் வேலைதான் தருவார்கள், சம்பளம் பாதி, கூரைக்கு இன்னும் ஒரு வருஷம் போகும், என்ன செய்ய என்று கேட்டார். மாரி வர இருந்தது. கூரைதான் முக்கியம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அந்தப் புள்ளைக்குத் தினம் ரெண்டு தரம் சொன்னீங்க. எனக்குச் சொன்னத நான் கேக்கவே இல்ல மச்சான்."

எங்களில் மணப்பெண் அந்த இடத்தில் இருப்பதில்லை. அதிலும் எங்கள் நிக்காஹ் சுனாமி முகாமில் நடந்தது. ஆண்கள் ஒரு கூடாரத்தில், நான் வேறொன்றில். வாப்பா மௌத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வாப்பாவின் தம்பி, சாச்சாதான் கையைப் பிடித்துக் கொடுத்தார். முடிந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

 அவர் தொண்டையைச் செருமினார்.

"மீராசாஹிபுட மகள் ஸாலிஹாவ, ரெண்டு பவுண் மஹருக்கு, நான் நிக்காஹ் செஞ்சி பொருந்திக்கொண்டன்."

வாப்பாவின் பேரோடு என் பேர். போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஹலோ, ஹலோ என்று அவர் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார்.

"ஒட்டகத்தப் புடிங்க," என்றேன். "ஓடு பொறகு போடுவம்."