வில்கி ஓடையின் மஞ்சள் பலகை

காலை ஏழரை மணிக்கு கெய்ர்ன்ஸ் நகரில் வாரனின் விடுதிச் சமையலறையில் கால் வைக்க இடமிருக்காது. ரொட்டி வாட்டும் மெஷினுக்கு ஒரு வரிசை, இருக்கிற ஒரே நல்ல வாணலிக்கு ஒரு சண்டை. பவளப்பாறைப் படகு எட்டு மணிக்குக் கிளம்பிவிடும் என்று பாதி ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடுகிறவர்கள் வேறு. எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். முதுகில் தங்களைவிடப் பெரிய பையைச் சுமந்துகொண்டு உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ எங்கள் ஊருக்கு வருகிற பேக்பேக்கர் பயணிகள்.

அன்றைக்கு அந்தக் கும்பலைப் பிளந்துகொண்டு கல்லம் என்கிற லீட்ஸ் நகரத்துப் பையன் உள்ளே வந்தான். கையில் கடற்கரைத் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று, அகலமாக, தட்டையாக. மேசைமேல் வைத்துத் துண்டை உருவினான். மஞ்சள் தகடு. வாயைப் பிளந்த முதலைப் படம். மூன்று மொழிகளில் "எச்சரிக்கை, நீரில் இறங்காதே."

"வாரன்! என் மக் பீரை எடு மாப்ளே!"

ஐம்பத்திரண்டு வயது வாரன் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அட படவா! எங்கடா அடிச்ச?"

"டெய்ன்ட்ரீ ஆறு தாண்டி, வில்கி ஓடை. ரெண்டு கம்பத்துல போல்ட் போட்டு முடுக்கி வெச்சிருந்தானுங்க. நேத்து சாயங்காலம் அரை மணி நேரம் கழட்டுனேன் தெரியுமா? கொசு என்னைத் தின்னுடுச்சு."

"முதலை தின்னாம விட்டுச்சே, அதைச் சொல்லு!"

எல்லோரும் சிரித்தார்கள். வாரன் மணியை அடித்தார். இதுதான் அந்த விடுதியின் வழக்கம். முதலைப் பலகை கொண்டுவருகிறவனுக்கு ஒரு பெரிய மக் பீர் இலவசம், பலகையோடு ஒரு போட்டோ, அப்புறம் அது பார் சுவரில் ஏறும். பதினோரு பலகைகள் ஏற்கெனவே ஏறியிருந்தன. அந்தச் சுவரோடு படம் எடுத்துக்கொள்ளவே பிள்ளைகள் அந்த விடுதியைத் தேடி வந்தார்கள். என்ன பெருமை பாருங்கள்! செத்துப்போகாதே என்று எழுதி வைத்ததைப் பெயர்த்துக்கொண்டு வந்தவனுக்குக் கைதட்டல். இந்த ஊரில் யாராவது ஒரு ஆள் "இது தப்பு" என்று சொன்னோமா? நானும் அந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்தவன்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

வில்கி ஓடைப் பலகை பன்னிரண்டாவதாக ஏறியது.

அன்று சாயங்காலம் பவளப்பாறைக்குப் போய்விட்டுத் திரும்பிய இரண்டு பெண்கள் பாருக்கு வந்தார்கள். க்ரோனிங்கன் ஊர் ஃபெம்கேவும் அவள் தோழி மாரிட்டும். ஃபெம்கே நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். எதையும் படித்துப் பார்த்துத்தான் செய்வாள். படகில் கொட்டும் ஜெல்லிமீன் பற்றி ஒரு காகிதம் ஒட்டியிருந்ததாம். அவ்வளவு வெயிலிலும் கழுத்துவரை மூடும் நீல உடையை மாட்டிக்கொண்டு மிதந்தவள் அவள் ஒருத்திதான்.

"உன்னைப் பாத்தா மீனே பயந்து ஓடிருக்கும்" என்று மாரிட் கிண்டல் பண்ணினாள்.

"ஓடட்டும். எனக்கு உசுரு வேணும்" என்றாள் ஃபெம்கே. சுவரைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. "வாரன், இதெல்லாம் நிஜப் பலகையா?"

"அட, சும்மா அலங்காரத்துக்கும்மா. கடையில விக்கிறான்" என்றார் வாரன், கிளாஸைத் துடைத்தபடியே. ஒரு பொய். அந்தப் பெண் நம்பினாள்.

மறுநாள் மழைக்காட்டுப் பயணம். வழக்கமாக ஓட்டுகிற டிரைவருக்குக் காய்ச்சல் என்பதால் வாரனே மினிபஸ்ஸை எடுத்தார். பதினோரு பேர். கல்லம் வரவில்லை, அவன் தூங்கிக்கொண்டிருந்தான். படகுத்துறை தாண்டி, மலைப்பாதை ஏறி, காட்டுக்குள் இரண்டு மணி நேரம் நடந்தார்கள். முந்தின ராத்திரி பெய்த மழையில் தடமெல்லாம் சிவப்புச் சேறு. திரும்பி வரும்போது எல்லோர் காலிலும் முழங்கால்வரை அப்பியிருந்தது. பஸ்ஸை நிறுத்தியிருந்த இடம் வில்கி ஓடைக் கரை.

வாரனுக்கு பஸ் தரையில் சேறு பட்டால் பிடிக்காது. எப்போதும் டிரைவர் இருபது லிட்டர் கேனில் தண்ணீர் கொண்டுவந்து கால் கழுவ ஊற்றுவார். அன்றைக்கு டிரைவர் இல்லாத அவசரத்தில் வாரன் கேனை மறந்துவிட்டார்.

"சேத்தோட ஒருத்தரும் ஏறக்கூடாது. ஓடையில கழுவிட்டு வாங்க, சீக்கிரம்!"

எல்லோரும் தயங்காமல் நடந்தபோது ஃபெம்கே மட்டும் நின்றாள். கரை முழுக்கத் தேடிப் பார்த்தாள்.

"வாரன், இங்க முதலை இருக்குமா? மத்த ஓடையிலெல்லாம் போர்டு இருந்துச்சு. இங்க காணோமே?"

வாரன் திரும்பினார். அவருக்கு இடது பக்கம், பத்தடி தள்ளி, இடுப்பளவு புல்லுக்கு நடுவே இரண்டு கம்பங்கள் வெறுமனே நின்றன. போல்ட் போன ஓட்டைகள்கூடத் தெரிந்தன. இருபது வருஷமாக அந்த வழியே பஸ் விடுகிற மனுஷர். அங்கே என்ன இருந்தது, அது இப்போது எங்கே தொங்குகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"யாரும் இறங்காதீங்க" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதாதா? ஏன் என்று கேட்பார்கள். போர்டு என் பார் சுவத்துல இருக்கு என்று சொல்ல வேண்டும். நேற்று அலங்காரம் என்றீர்களே என்பார்கள். பதினோரு பேர் முன்னால் மானம் போகும். இவ்வளவும் வாரன் மனசில் ஓடியது. ஒரு மத்தியான நேரத்தில், ஐந்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்றும் ஓடியது.

"போர்டு இல்லையில்ல? அப்புறம் என்ன பயம்? ஓரமா நின்னு கழுவிட்டு வாம்மா" என்றார்.

அவள் போனாள். எல்லோருக்கும் கடைசியாக, கெண்டைக்கால் அளவு தண்ணீரில்தான் நின்றாள். குனிந்து இரண்டு கை தண்ணீர் அள்ளினாள், அவ்வளவுதான். கலங்கல் தண்ணீர் அப்படியே எழுந்து அவளை இழுத்தது.

மாரிட் போட்ட அலறலில் காடே அதிர்ந்தது. அவள் ஃபெம்கேயின் அக்குளில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு அயர்லாந்துப் பையன்கள் மாரிட்டைப் பிடித்தார்கள். வாரனும் சும்மா நிற்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்து முதலையின் மூக்கில் அடி அடி என்று அடித்தார். அது விட்டது. ஆனால் வலது காலை முழுசாக விடவில்லை.

ஹெலிகாப்டர் வர நாற்பது நிமிஷம் ஆனது. துணியை எங்கே கட்ட வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று மயங்கும்வரை ஃபெம்கேதான் சொல்லிக்கொடுத்தாள். உயிர் பிழைத்தாள். முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது.

இனிமேல்தான் அசிங்கமே. விஷயம் வெளியே வந்த அன்று சாயங்காலமே எங்கள் ஊர் வாயைத் திறந்தது. "முதலை ஊருக்கு வந்துட்டு ஓடையில இறங்குனா கொஞ்சுமா?" என்றான் ஒருவன். "பேக்பேக்கர்னாலே மண்டையில ஒண்ணும் கிடையாது" என்றான் இன்னொருவன். "போட்டோ எடுக்க இறங்கிருப்பா" என்று பார்க்காதவன் பார்த்த மாதிரி எழுதினான். இணையத்தில் ஆயிரக்கணக்கான சிரிப்பு முகங்கள். கால் போன பெண்ணைப் பார்த்துச் சிரிக்க இவர்களுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ, நாசமாய்ப் போக! கல்லம் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊரைவிட்டே ஓடிவிட்டான். வாரன் போலீசிடம், "போர்டு இருந்துச்சா இல்லையான்னு நான் கவனிக்கல" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டாவது பலகையைக் கழற்றிக் குளிர்பெட்டிக்குப் பின்னால் செருகினார்.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. ஃபெம்கே வாரனைப் பார்க்க வேண்டுமாம்.

வாரன் பூங்கொத்தோடு போனார். அறையில் ஃபெம்கேயின் அம்மா ஆன்யா உட்கார்ந்திருந்தாள். க்ரோனிங்கனில் ரொட்டிக்கடையில் வேலை. முப்பது மணி நேரம் விமானத்தில் வந்த களைப்பு கண்ணில் இருந்தது. ஜன்னல் பக்கம் வனக்காவலர் ரோண்டா நோட்டும் பேனாவுமாக நின்றாள். அந்தக் காட்டுப் பூர்வகுடிகளான குக்கு யலாஞ்சி இனத்துக்காரி, வில்கி ஓடை அவள் காவலில் இருக்கிற இடம். அந்த வருஷம் மட்டும் அந்த ஓடைக்கு மூன்று தடவை பலகை அடித்தவள் அவள்தான். ஒவ்வொரு முறையும் எவனோ கழற்றினான், ஒவ்வொரு முறையும் அவள் துளையிட்டு முடுக்கினாள்.

"எப்படிம்மா இருக்க? அந்தப் பயணக் காசு முழுசையும் திருப்பித் தந்துடறேன்" என்று வாரன் ஆரம்பித்தார்.

"காசு கெடக்கட்டும்" என்றாள் ஃபெம்கே. குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை. "எல்லாரும் என்னை முட்டாள்னு எழுதறாங்க. எங்க ஊர்ப் பேப்பர்லயும் வந்துடுச்சு. எங்கம்மா ராத்திரியெல்லாம் அதைத்தான் படிக்கிறாங்க. நான் போர்டைத் தேடுனேன் வாரன். உங்ககிட்ட கேட்டேன். கேட்டேனா இல்லையா? நான் முட்டாள் இல்லைன்னு எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. எனக்கு அது போதும்."

வாரன் வாயைத் திறந்தார். "நான் சரியா கவனிக்..." என்று பாதியில் நின்றுவிட்டார். போர்வைக்கு அடியில் ஒரு பக்கம் கால் நீண்டிருந்தது. இன்னொரு பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு அவரால் அந்தப் பொய்யை முடிக்க முடியவில்லை. பூங்கொத்தைத் தரையில் வைத்தார்.

"உங்க பொண்ணு கேட்டாம்மா. ரெண்டு தடவை கேட்டா. ரெண்டு தடவையும் நான் பொய் சொன்னேன்" என்று ஆன்யாவைப் பார்த்துச் சொன்னார். "அந்த ஓடையோட போர்டு என் கடையில இருக்கு. திருடிட்டு வந்தவனுக்கு நான்தான் பீர் ஊத்திக் கொடுத்தேன். அங்க வெறும் கம்பம் நிக்கிறதை என் கண்ணால பாத்தேன். மானம் போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். உங்க பொண்ணு முட்டாள் இல்ல. நான்தான் அயோக்கியன்."

ரோண்டா பேனாவை எடுத்தாள். "மறுபடி சொல்லு வாரன். இது கேஸாகும், உன் கடைக்கும் பூட்டு விழும், தெரியுமில்ல?"

"தெரியும். எழுது. பன்னிரண்டு போர்டையும் இன்னிக்கே வந்து எடுத்துக்கோ. பேப்பர்காரனையும் கூட்டிட்டு வா."

"மூணு தடவை, வாரன்!" ரோண்டாவுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. "இடுப்பளவு புல்லுல நின்னு, ஒரு கண்ணு தண்ணியிலயே வெச்சுக்கிட்டு நான் அந்த போல்டை முடுக்குனேன். உனக்கு அது அலங்காரமா?"

வாரன் தலையைக் குனிந்துகொண்டு ஆன்யாவின் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சிடுங்கம்மா."

ஆன்யா எழுந்து நின்றாள். மகளின் தலையை ஒருமுறை தடவிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"மன்னிப்பெல்லாம் எங்கிட்ட இல்ல. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. போய் உங்க ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க. ஆபத்துன்னு தெரிஞ்சவன் தெரியாதவனுக்காக எழுதி வெக்கிறதுதான் போர்டு. அதை வேடிக்கைக்குப் பிடுங்குறவன் ஒரு உசுரைப் பிடுங்குறான். பிடுங்கினது தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு நிக்கிறவன் அவனைவிட மோசம். அந்த முதலைக்காவது பசி. உங்களுக்கு என்ன கேடு?"