கல் லேசான ஏழு நிமிஷம்

நாலந்தா,
27.12.1968

அன்புத் தங்கச்சி சந்திரகாந்தாவுக்கு,

எனக்கு ஒரு கால் போய்விட்டதாக யாரோ உனக்கு எழுதினார்களாம். போகவில்லை. இரண்டும் இருக்கின்றன. நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

இம்மாதம் 4ஆம் திகதி, புதன்கிழமை, காலை ஒன்பதரை. தோட்டத்து ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தேன். மழையில் ஊறிய மேட்டிலிருந்து ஒரு பாறை உருண்டு வந்து என் வலது காலை அமுக்கிக்கொண்டது. இருபது அந்தர், ஒரு டன், இருக்கும். எட்டுப் பேர் அலவாங்கு போட்டு நெம்பியும் அசையவில்லை. பாதம் நீலம் பாரித்தது.

"பத்தே முக்காலுக்கு இறக்கம் வருது. அதுவரைக்கும் தாங்கிக்கங்க" என்றாள் உன் அண்ணி கமலாட்சி, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு.

நீ திருச்சிக்கு வாழப்போய் நாலு வருஷமாச்சு. அங்கே இறக்கம் கிடையாது, மறந்திருப்பாய். கறுப்பு நிலா நம் தலைக்கு நேரே கடக்கும் ஏழு நிமிஷம், ஆள், சாமான் எல்லாம் ஆறில் ஒரு பங்கு எடைதான்.

அந்த நேரம் லொறி ஓட்டக்கூடாது என்பது சட்டம். அதனால் நாவுலயிலிருந்து மிளகு ஏற்றி வந்த பதுர்தீன் நானா ரோட்டில் நிறுத்தியிருந்தார். கூட்டத்தைக் கண்டு கயிற்றோடு வந்தார்.

"மேல்பக்கத்துப் பலாமரத்தோட கல்லைக் கட்டுங்க. பொறகு தூக்குங்க."

"கல்லைக் கயித்துல கட்டி மேய்க்கவா போறீங்க நானா?" என்றான் அலவாங்கு பிடித்திருந்த மாடசாமி. எல்லாரும் சிரித்தார்கள். கிடந்த நானும் சிரித்தேன்.

"சிரிங்க தம்பி. இறக்க நேரத்துல ஒருக்கா பிரேக் போட்டேன். லொறி லேசாத்தான் இருந்திச்சு, நிக்க மட்டும் இல்ல. அடுத்தவன் வேலிக்குள்ள போய்த்தான் நின்டிச்சு. எடைதான் குறையும், ஓட்டம் குறையாது."

"நீங்க கட்டுங்க நானா. இவங்க சிரிச்சிட்டே இருக்கட்டும்" என்று கமலாட்சி எழுந்துபோய் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் கட்டி முடித்ததும் என் தலைமாட்டுக்குத் திரும்பி வந்தாள்.

பத்தே முக்கால். வயிறு மேலே ஏறுவதுபோல் இருந்தது. எட்டுப் பேரும் பிடித்தார்கள், கல் எழும்பியது. "பஞ்சுடா!" என்று கத்திக்கொண்டு மாடசாமி சந்தோஷத்தில் ஒரு தள்ளுத் தள்ளினான்.

அது நிற்கவில்லை. எல்லாரும் பிடித்து இழுத்தார்கள். தரையில் யாருடைய காலும் ஊன்றவில்லை. எட்டுப் பேரையும் இழுத்துக்கொண்டு கல் என் நெஞ்சை நோக்கி வந்தது. மாடசாமி "ஐயோ அண்ணே!" என்றான். கயிறு விறைத்தது. பலாமரம் குலுங்கியது. என் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் கல் நின்றது. கமலாட்சி என்னைக் கக்கத்தில் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அந்த வேகத்தில் இருவரும் கானுக்குள் போய் விழுந்தோம்.

எலும்பில் இரண்டு வெடிப்பு, ஆறு கிழமை கட்டு, தைப் பொங்கல்வரை. விரல்களில் இரத்தம் ஓடுகிறது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மாடசாமி தினமும் வந்து எனக்குத் தண்ணீர் இறைத்துத் தருகிறான். பதுர்தீன் நானாவை அன்றே நான் கும்பிட்டபோது, "அல்லாஹ்வுக்குச் சொல்லுங்க" என்று கையை ஒதுக்கிவிட்டு லொறியை ஸ்டாட் பண்ணிப் போய்விட்டார்.

கமலாட்சி மாரியம்மனுக்கு விளக்கு வைக்கும்போது நம் வீட்டுப் பெயர்களோடு அவர் பெயரையும் சொல்கிறாள். நானும் சொல்கிறேன். நீயும் அங்கே ஒரு தடவை சொல்.

உன் அண்ணன்,
பழனிமுத்து